வீட்டினுள் பிகோனியா ரெக்ஸ் வளர்க்கும் முறை

பூவுக்காக வளர்க்கப்படும் செடிகள் பல. இலையின் அழகு ஒன்றுக்காகவே வளர்க்கப்படும் செடிகள் சில. அச்சிலவற்றுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது பிகோனியா ரெக்ஸ் என்னும் செடியாகும். உள்ளங்கையினும் அகன்ற இலை; கரும்பச்சை நிறத்தின்மேல் வெள்ளி வார்த்தாற்போன்ற வளையம்; இலையின் அடிப்புறத்தில் சிவப்புச் சாயல். இத்தகைய செடி ஏதோ அயல்நாட்டிலிருந்து வந்ததென்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் இது நம் நாட்டின் வடகிழக்கு மலைக்காடுகளுக்கு உரிய செடியாகும்.

இதனை விரும்பி வாங்கி அறையில் வைத்தவர்களுள் பலருடைய அனுபவம் ஒரே வகையாக அமைந்துவிடுகிறது. முதல் மாதம் செடி செழிப்பாகத் தோன்றுகிறது. இரண்டாம் மாதத்தில் இலையோரங்கள் பழுப்பு நிறமாகிக் கருகுகின்றன. நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் தண்டு அழுகிச் செடி சாய்ந்துவிடுகிறது. பிறகு, "இது நம் ஊருக்கு ஒத்துவராத செடி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இம்முடிவு தவறானது. இச்செடி கேட்பவை முக்கியமாக இரண்டு: காற்றில் ஈரம் வேண்டும், மண்ணில் காற்று வேண்டும். நாமோ வறண்ட காற்றில் வைத்து, மண்ணை நீரால் அடைத்துவிடுகிறோம். காரணத்தை அறிந்துகொண்டால், விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி எளிய பள்ளியறையிலும் இதனை வளர்த்துவிடலாம். அதுமட்டுமன்று; ஓர் இலையைக் கொண்டு பல செடிகளை உண்டாக்கவும் முடியும். ஆதலின் காட்டில் உள்ள செடியை வேரோடு பறித்து வரவேண்டிய தேவையே இல்லை. இவ்விரண்டு செய்திகளையும் களப் பணியாளருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாயகமும் பெயரும்

பிகோனியா என்பது உலகின் வெப்பமண்டலப் பகுதிகளில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய பேரினமாகும். பிரெஞ்சு தாவரவியலாரான சார்லஸ் புளூமியே, மிஷேல் பேகோன் என்ற நிர்வாகியின் நினைவாக இப்பெயரை இட்டார். 1753-இல் லின்னேயஸ் அதனை ஏற்றுக்கொண்டார். 'ரெக்ஸ்' என்பது இலத்தீன் மொழியில் அரசனைக் குறிக்கும் சொல். அஸ்ஸாமிலிருந்து 1850-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிற்குச் சென்ற இச்செடியை 1857-இல் பெல்ஜிய நாட்டினரான புட்ஸெய்ஸ் விவரித்து, அரசனுக்குரிய பெயரை அதற்குச் சூட்டினார். வடகிழக்கு இந்தியா தொடங்கித் தென் சீனம் வரையில் இது இயற்கையாக வளர்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாற்றங்கால்களில் 'ரெக்ஸ் பிகோனியா' என்று விற்கப்படுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை காட்டுச் செடி அல்ல. மூலச் செடியை ஆசியாவின் பிற பிகோனியா இனங்களோடு கலந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உருவாக்கப்பட்டு வரும் கலப்பினங்களே அவை. சிவப்பு, ஊதா, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களிலும், நத்தை ஓடுபோல் அடியில் சுருண்ட வடிவத்திலும் அவை கிடைக்கின்றன. தூய காட்டு இனமோ வளர்ப்போரிடம் அரிதாகவே காணப்படுகிறது. இரண்டிற்கும் வளர்ப்பு முறை ஏறக்குறைய ஒன்றே.

காட்டில் இச்செடி ஈரமான பள்ளத்தாக்குச் சரிவுகளிலும், ஓடைக்கரைப் பாறைகளின் மேலும், மரநிழலில் தாழ்வாகப் படர்ந்து வளர்கிறது. பாறையிடுக்கில் தங்கிய மக்கிய இலைகளே அதற்கு மண். மழை பொழிகிறது, ஆனால் பொழிந்த நீர் தேங்குவதில்லை. ஓடையின் அருகாமையால் காற்று எப்போதும் ஈரமாக இருக்கிறது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை அடையும் ஒளி, மரங்களின் உச்சியில் விழும் ஒளியில் 1 அல்லது 2 சதவீதமே. இந்தச் சிறு சித்திரத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் கூறப்படும் ஒவ்வொரு விதியும் தானே விளங்கும்.

செடியின் அமைப்பு

இச்செடிக்கு நிமிர்ந்த தண்டு இல்லை. இஞ்சியைப் போல, மண்ணை ஒட்டிக் கிடையாகச் செல்லும் சதைப்பற்றுள்ள மட்டநிலத்தண்டு உண்டு. அதன் அடிப்புறத்தினின்று மெல்லிய வேர்களும், மேற்புறத்தினின்று நீண்ட காம்புடைய இலைகளும் தோன்றுகின்றன. வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. இலையின் இரு பாதிகளும் சமமாக இரா. நடு நரம்பின் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கும். பிகோனியா குடும்பத்தை அடையாளம் காண மாணவருக்கு இதுவே எளிய வழி. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாகப் பூக்கும். பூவின் கீழே இறக்கையுடைய சூற்பை இருந்தால் அது பெண் பூ. இல்லையேல் ஆண் பூ.

இலையிலுள்ள வெள்ளி வளையம் எவ்வாறு உண்டாகிறது? அது வெள்ளை நிறப் பொருள் அன்று. இலையின் மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைய உயிரணுக்களுக்கும் இடையே நுண்ணிய காற்றறைகள் அமைந்துள்ளன. உள்ளே புகும் ஒளியின் ஒரு பகுதி அவற்றில் பட்டுத் திரும்புவதால் அவ்விடம் வெள்ளிபோல் மின்னுகிறது. அதன் கீழே பச்சையம் குறைவின்றி இருக்கிறது, ஒளிச்சேர்க்கையும் நடைபெறுகிறது. சிவப்பு நிறம் மட்டும் அந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. இச்செய்தி பின்னர் இனப்பெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தேவைப்படும்.

ஒளி

நிழலில் வாழும் செடி என்பதால், இருண்ட மூலையில் வைக்கலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. நம் கண் வெளிச்சத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே அது நல்ல அளவுகோல் ஆகாது. நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். திறந்த ஜன்னலை ஒட்டிய நிழலில் அது சில ஆயிரமாகக் குறையும். அதே அறையின் உள்மூலையில் 100 அல்லது 200 லக்ஸ் மட்டுமே இருக்கக்கூடும். நமக்கு இவ்விரண்டு இடங்களும் சிறிதளவே வேறுபட்டனவாகத் தோன்றுகின்றன. செடிக்கோ, ஒன்று உணவு, மற்றொன்று பட்டினி.

எளிய சோதனை ஒன்று உண்டு. செடி வைக்க விரும்பும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுக. கையின் நிழல் கூர்மையான விளிம்புடன் கருமையாக விழுந்தால் அவ்விடத்தில் ஒளி மிகுதி. நிழல் மங்கலாக, ஆயினும் விரல்கள் தெரியும்படி விழுந்தால் அதுவே ஏற்ற இடம். நிழலே தெரியாவிட்டால் அவ்விடம் பயன்படாது. பொதுவாக வடக்கு அல்லது கிழக்கு நோக்கிய ஜன்னலின் அருகில் வைத்தல் நலம். காலைப் பொழுதின் இளவெயில் சிறிது பட்டால் தீங்கில்லை. நண்பகல் வெயில் பட்டால் இலையில் கருகிய திட்டுக்கள் தோன்றும். இயற்கை ஒளி போதாத அறைகளில் வெண்ணிற எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு மேல் சுமார் 30 செண்டிமீட்டர் உயரத்தில் அமைத்து, நாள்தோறும் 12 மணி நேரம் எரியவிடலாம். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் செடி ஒரு பக்கமாகச் சாயாது.

காற்றின் ஈரம்

பிகோனியா ரெக்ஸின் இலை அகன்றது, மெல்லியது. வறண்ட காற்றில் அதினின்று வெளியேறும் நீராவியை வேர்கள் ஈடுசெய்ய இயலாமற் போகின்றன. நீர் சென்று சேரும் கடைசி இடம் இலையின் விளிம்பு. ஆதலால் முதலில் கருகுவதும் விளிம்பே. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். 60 சதவீதத்திற்கு மேல் இருப்பின் மிக நன்று.

ஒப்பு ஈரப்பதம் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 10 டிகிரி செண்டிகிரேட் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 9.4 கிராம் நீராவியையே தாங்கும். அந்த நிறைவான காற்று அறைக்குள் வந்து, அடுப்பினாலோ மின்கருவியினாலோ 25 டிகிரிக்குச் சூடாகிறது என்று கொள்வோம். 25 டிகிரியில் காற்றின் கொள்ளளவு 23 கிராம். உள்ளதோ அதே 9.4 கிராம். ஆகவே ஒப்பு ஈரப்பதம் 100-இலிருந்து சுமார் 41 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. வெளியே பனிமூட்டம் இருக்கையில் உள்ளே செடி காய்வதன் காரணம் இதுவே. குளிர்சாதனக் கருவியும் காற்றிலுள்ள நீராவியைக் குளிர்ந்த குழாய்களின்மேல் நீராகப் படியச்செய்து வெளியேற்றிவிடுகிறது. வட இந்தியச் சமவெளியில் மே மாதப் பிற்பகலில் ஈரப்பதம் 20 சதவீதத்திற்கும் கீழே இறங்குவதுண்டு. அக்காலத்தில் பாதுகாப்பின்றி இச்செடியை வைத்தல் வீண்.

இலையின்மேல் நீர் தெளித்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. தெளித்த நீர் சில நிமிடங்களில் உலர்ந்து, ஈரப்பதம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மேலும், மயிர்போன்ற தூவிகளையுடைய இவ்விலையில் தங்கும் நீர்த்துளிகள் நோய்க்கு இடந்தரும். கூழாங்கற்களைப் பரப்பி நீர் ஊற்றிய தட்டின்மேல் தொட்டியை வைப்பதும் சிறிதளவே உதவும். பல செடிகளை நெருக்கமாக வைத்தல் அதனினும் மேலானது; ஒன்றன் நீராவி மற்றொன்றுக்குப் பயன்படும். வறண்ட பகுதிகளில் உறுதியான வழி கண்ணாடிப் பெட்டியே ஆகும்.

இப்பெட்டியின் வரலாறு சுவையானது. லண்டனில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்டு என்பவர் பெரணிச் செடிகளை வளர்க்க முயன்றார். அந்நகரின் நிலக்கரிப் புகையால் அவை மடிந்தன. 1829-இல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் இட்டு, மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். சில நாட்களில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணி தானாகவே முளைத்து வளர்வதைக் கண்டார். மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியில் துளியாகப் படிந்து மீண்டும் மண்ணையே அடைந்தது. 1833-இல் அவர் இத்தகைய பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றிச் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் அவை உயிரோடு சென்று சேர்ந்தன. 1848-க்கும் 1851-க்கும் இடையே ராபர்ட் பார்ச்சூன் சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்ததும் வார்டின் பெட்டிகளிலேயாம்.

மீன் வளர்க்கும் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று இதற்குப் போதும். செடியைத் தொட்டியோடு உள்ளே வைத்து, மேலே கண்ணாடித் தகட்டால் முக்கால் பங்கு மூடுக. நாள்தோறும் சிறிது நேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் அளிக்க வேண்டும். நேர் வெயிலில் மட்டும் ஒருபோதும் வைத்தல் ஆகாது. மூடிய பெட்டி சிறிது நேரத்தில் உலைபோல் சூடாகிவிடும்.

மண்ணும் நீரும்

இனி வேரின் தேவையைக் காண்போம். வேரும் மூச்சுவிடுகிறது, அதற்குப் பிராணவாயு வேண்டும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் பிராணவாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மண்ணின் துளைகள் அனைத்தையும் நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டி மடிகிறது. மடிந்த வேர் நீரை உறிஞ்சாது; ஆகவே ஈர மண்ணில் நிற்கும் செடியும் வாடுகிறது. அதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவது, நோயை மருந்தெனக் கொடுப்பதாகும்.

இரண்டு பங்கு நன்கு மக்கிய இலைமக்கு, ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து, கைப்பிடியளவு பொடித்த அடுப்புக்கரியும் சேர்த்தால் நல்ல கலவை கிடைக்கும். நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கக்கூடுமாதலால், அதனை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும். களிமண்ணையும் வயல் மண்ணையும் அப்படியே இடுதல் கூடாது. கலவை சிறிது அமிலத்தன்மை உடையதாக, பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருப்பது ஏற்றது.

வேர்கள் மேலோட்டமானவையாதலால் அகன்ற, ஆழம் குறைந்த தொட்டியே தக்கது. சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து உலர்வதால், நீர் மிகுதியாக ஊற்றும் பழக்கமுடையவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. செடியைவிட மிகப் பெரிய தொட்டி வேண்டா. வேர் எட்டாத மண்ணில் நீர் தங்கிப் புளித்துவிடும். மட்டநிலத்தண்டை மண்ணில் புதைத்தல் கூடாது; அது மண்ணின்மேல் தெரியும்படி படுத்திருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஓட்டுத் துண்டுகளையோ ஜல்லியையோ பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. இது சரியன்று. நுண்ணிய துளைகளில் உள்ள நீர், மேலுள்ள மண் நிறைவடையும் வரை கீழுள்ள பெரிய துளைகளுக்கு இறங்குவதில்லை. ஆகவே ஜல்லி அடுக்கு, நீர் தேங்கும் பகுதியை வேருக்கு அருகே உயர்த்திவிடுகிறது. வடிதுளையை ஒரே ஓர் ஓட்டுத் துண்டால் மறைத்தால் போதும். மற்றவிடமெல்லாம் கலவையாலேயே நிரப்புக.

நீர் ஊற்றுவதற்கு நாட்கணக்கு வைத்தல் வேண்டா. மேல்மண் ஒரு விரற்கடை ஆழம் உலர்ந்த பின்னரே ஊற்ற வேண்டும். தொட்டியைக் கையால் தூக்கிப் பார்க்கும் வழக்கம் சிறந்தது. நீர் ஊற்றியவுடன் உள்ள கனத்தையும் உலர்ந்த நிலையில் உள்ள கனத்தையும் கை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, தட்டில் தங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். மழைநீர் கிடைக்குமாயின் அதுவே மேலானது. உப்புநீர் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புச் சேர்ந்து, வறட்சியால் கருகியதைப் போலவே இலையோரம் கருகும்.

வெப்பநிலை, ஊட்டம், ஓய்வு

18 முதல் 24 டிகிரி செண்டிகிரேட் வரையிலான வெப்பம் இச்செடிக்கு இனியது. 13 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிரையும், 32 டிகிரிக்கு மேல் நீடிக்கும் வெப்பத்தையும் தவிர்க்க வேண்டும். ஷில்லாங், காலிம்போங் போன்ற மலை ஊர்களில் குளிர்காலத்தில் உள்ளே வைத்தும், பிற காலங்களில் தாழ்வாரத்திலும் வளர்க்கலாம். சமவெளியில் கோடைக்காலமே சோதனைக் காலம். வீட்டின் குளிர்ந்த அறையைத் தேர்ந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

வளரும் பருவத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, உறையில் குறித்த அளவில் கால் பங்கு வலிமையில் கரைத்த கூட்டுரக் கரைசலை ஊற்றினால் போதும். உலர்ந்த மண்ணில் உரக்கரைசலை ஊற்றுதல் கூடாது. பகற்பொழுது குறுகும் குளிர்காலத்தில் செடியின் வளர்ச்சி தளரும். சில இலைகள் உதிரவும் கூடும். இது நோயன்று, ஓய்வு. அப்போது உரத்தை நிறுத்தி, நீரைக் குறைத்து, மட்டநிலத்தண்டு உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இலை உதிர்ந்ததென்று செடியைத் தூக்கி எறிந்துவிடுவோர் பலர். நாள் நீளும் பருவத்தில் உறுதியான தண்டிலிருந்து புதிய இலைகள் மீண்டும் தோன்றும்.

நோயும் காப்பும்

இலைமேல் மாவு தூவினாற்போல் தோன்றுவது சாம்பல் நோய். காற்று அசைவற்று நிற்கும் இடத்தில் இது பரவும். நோயுற்ற இலைகளை உடனே நீக்கி, செடிகளுக்கிடையே இடைவெளி விட்டு, மெல்லிய காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். நரம்புகளுக்கிடையே கோணவடிவில் பழுப்புத் திட்டுக்கள் எழுந்தால் இலை நூற்புழு என்று ஐயுறலாம். அது ஈரமான இலைப்பரப்பின் வழியே பரவுவதால், இலையை நனைக்காது மண்ணில் மட்டும் நீர் ஊற்றுவதே முதற் காப்பு. காம்பின் இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைச் சாராயச் சத்தில் தோய்த்த பஞ்சினால் துடைத்தெடுக்கலாம்.

பிகோனியாவின் சாற்றில் ஆக்சலிக அமிலம் உண்டு. வடகிழக்கு மலைவாழ் மக்கள் சிலவகைக் காட்டுப் பிகோனியாக்களின் புளிப்புத் தண்டைச் சமையலில் சேர்ப்பதுண்டு. ஆனால் இனம் அறியாமலும், மருந்து தெளிக்கப்பட்ட அழகுச் செடிகளையும் சுவைத்துப் பார்த்தல் தவறு. பூனை, நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளுக்கும் இது தீங்கு விளைவிக்கும். எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஓர் இலையிலிருந்து பல செடிகள்

இனி, இச்செடி கற்பிக்கும் மிகப் பெரிய பாடத்திற்கு வருவோம். முற்றிய, ஆனால் மூப்படையாத நல்ல இலை ஒன்றைக் கூரிய, தூய கத்தியால் காம்புடன் நறுக்குக. இலையைக் கவிழ்த்து, பெரிய நரம்புகள் கிளைக்கும் இடங்களுக்குச் சற்றுக் கீழே ஒவ்வொன்றிலும் சிறு குறுக்கு வெட்டு இடுக. பிறகு, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஈரமான மணலும் நார்க்கழிவும் கலந்த தட்டின்மேல், இலையின் அடிப்புறம் மணலைத் தொடும்படி விரித்து, வெட்டிய இடங்கள் மணலை நன்கு தொடும்படி வளைத்த கம்பித் துண்டுகளால் அழுத்தி வைக்க வேண்டும். மேலே கண்ணாடியால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரங்களில் வெட்டிய இடங்களில் வேர் தோன்றும். ஆறு முதல் எட்டு வாரங்களில் சிறு கன்றுகள் தலைகாட்டும். இரண்டு மூன்று இலை விட்டபின் பிரித்துத் தனியே நடலாம். இடம் குறைவாயின், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய நரம்பு இருக்கும்படி இலையை ஆப்பு வடிவத் துண்டுகளாக நறுக்கி, கூர்முனை கீழாக நட்டாலும் போதும்.

இதில் நிகழ்வது என்ன? வெட்டிய நரம்பின் அருகேயுள்ள மேல்தோல் உயிரணுக்கள், இலையாகத் தம் பணியை முடித்தவை, மீண்டும் பிரியத் தொடங்கி வேரும் மொட்டும் உடைய முழுச் செடியை உண்டாக்குகின்றன. தனி உயிரணு ஒன்றிலும் முழுச் செடியாகும் ஆற்றல் உறைந்துள்ளது என்ற கருத்தை 1902-இல் ஹாபர்லாண்ட் வெளியிட்டார். ஆக்ஸின், சைட்டோகைனின் ஆகிய இரு வளர்ச்சிப் பொருள்களின் விகிதமே வேர் தோன்றுவதையும் மொட்டுத் தோன்றுவதையும் முடிவு செய்கிறது என்று 1957-இல் ஸ்கூகும் மில்லரும் புகையிலைத் திசுவில் காட்டினர். 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்தே கருக்களை உண்டாக்கிக் காட்டியபோது, இவ்வாராய்ச்சித் துறையில் நம் நாடு உலகின் கவனத்தைப் பெற்றது. அக்கண்ணாடிக் குழாய்களில் நிகழ்ந்ததன் எளிய வடிவமே நம் மணல் தட்டில் நிகழ்கிறது.

இலைத்துண்டிலிருந்து வரும் கன்று தாய்ச்செடியைப் போலவே வெள்ளி வளையம் பெறுமா? பெறும். முன்பு கூறியபடி, அவ்வளையம் எல்லா உயிரணுக்களிலும் பதிந்த மரபுக் கட்டளையால் அமைவது. இதற்கு மாறான உதாரணமும் உண்டு. மஞ்சள் விளிம்புடைய மருள் இனச் செடியில், பச்சை உயிரணுக்களும் நிறமற்ற உயிரணுக்களும் இருவேறு அடுக்குகளாகச் சேர்ந்து வாழ்கின்றன. அதன் இலைத்துண்டிலிருந்து வரும் கன்று மஞ்சள் விளிம்பை இழந்து முழுப் பச்சையாகவே வளரும். இவ்விரண்டையும் அருகருகே நட்டுக் காட்டினால், நூலில் பல பக்கங்கள் படித்தும் விளங்காதது மாணவர்க்கு ஒரு பருவத்தில் விளங்கிவிடும். கலப்பினப் பிகோனியாவின் விதையிலிருந்து வரும் செடிகளோ தாயை ஒத்திருக்குமென்று சொல்ல இயலாது.

களப் பணியாளர் கவனத்திற்கு

அரிய செடி என்ற பெயர் பரவியதும், அதனை அடையும் ஆவல் பெருகுகிறது. காட்டினின்று வேரோடு பறித்த செடி, உடைந்த மட்டநிலத்தண்டுடனும் கிழிந்த வேருடனும் வறண்ட அறைக்குள் வந்து சேர்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில் மடிகிறது. ஒரே பள்ளத்தாக்கில் மட்டும் வளரும் இனமாயின், இத்தகைய சில பயணங்களே அதனை அற்றுப்போகச் செய்யப் போதுமானவை. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் இவ்வாறு செடியை அகற்றுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

விற்பனைக்கு வரும் செடியைச் சோதித்தறிதல் கடினமன்று. நாற்றங்காலில் வளர்ந்த செடியின் வேர் தொட்டியின் மண்ணைப் பற்றி நிற்கும். இளம் இலைகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். காட்டில் பறித்த செடியின் தண்டில் புதிய முறிவு, பாசி, பாறைத்துகள் ஆகியன காணப்படும். இலைகள் சிலவே கிழிந்த நிலையில் இருக்கும். தொட்டியில் வேர் பிடித்திராது.

காட்டில் புதிய அல்லது அரிய பிகோனியா என்று ஐயுறத்தக்க செடியைக் காண நேர்ந்தால், இடம், உயரம், நிலத்தின் தன்மை, பூத்த நாள் ஆகியவற்றைக் குறித்து, இலையின் இருபுறத்தையும் ஆண், பெண் பூக்களையும் நிழற்படம் எடுக்க வேண்டும். 1890-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஷில்லாங் கிளைக்கு அல்லது அந்தந்த வட்டாரக் கிளைக்குச் செய்தி தெரிவித்தல் தகும். இடக்குறிப்பில்லாத செடி அழகுப்பொருளாகலாம், விஞ்ஞானச் சான்றாகாது.

வகுப்பறைப் பயிற்சிகள்

1. ஒரே வகையான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழை நனைத்த மெல்லிய துணியால் சுற்றி, விசிறிக் காற்றில் வைக்கவும். உலர்ந்தது 30 டிகிரியும் நனைந்தது 24 டிகிரியும் காட்டினால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 61 சதவீதம். நனைந்தது 20 டிகிரியாயின் சுமார் 39 சதவீதம். அறையிலும் கண்ணாடிப் பெட்டியினுள்ளும் அளந்து ஒப்பிடுக.

2. செவ்வக வடிவமான கடற்பஞ்சை நீரில் முழுக்கி, கிடையாகப் பிடித்துச் சொட்டுவது நிற்கும் வரை காத்திருக்கவும். பிறகு அதனைச் செங்குத்தாகத் திருப்பினால் மேலும் நீர் வடியும். உயரம் குறைந்த மண்ணில் நீர் மிகுதியாகத் தங்குவதையும், ஆழம் குறைந்த தொட்டிக்குப் பருமணல் கலந்த மண் ஏன் தேவை என்பதையும் மாணவர் தாமே கூறுவர்.

3. ஓர் இலையை எட்டுத் துண்டுகளாக்கி, நான்கைக் கூர்முனை கீழாகவும் நான்கைத் தலைகீழாகவும் நடவும். எவற்றில், எந்த முனையில் வேர் விரைவில் தோன்றுகிறது என்று வாரந்தோறும் குறிக்கவும்.

4. ஒரே அளவுள்ள மூன்று கன்றுகளை ஜன்னலருகிலும், அறை நடுவிலும், மூலையிலும் வைத்து, எட்டு வாரங்களில் தோன்றும் புதிய இலைகளை எண்ணி ஒப்பிடுக.

முடிவுரை

அரிய செடியை வளர்த்தல் என்பது அதனை உடைமையாக்கிக் கொள்வது அன்று. அது வாழும் சூழ்நிலையை அறிந்து, அதன் சிறு பகுதியையேனும் அதற்கு அமைத்துக் கொடுப்பதாகும். பள்ளியில் உள்ள ஒரு செடி, ஓர் இலையைக் கொடுத்து அடுத்த பள்ளிக்குப் பல செடிகளாகச் செல்லலாம். அங்கிருந்து பல வீடுகளுக்குச் செல்லலாம். அவ்வாறு பரவுமாயின், ஓடைக்கரைப் பாறையில் இருக்கும் மூலச் செடியைத் தொடவேண்டிய அவசியம் எவருக்கும் நேராது. நன்கு வளர்ந்த செடியைக் காட்டி மாணவர் ஒருவர், "இதை எங்கிருந்து பறித்தீர்கள்?" என்று கேட்டால், "பறிக்கவில்லை; ஓர் இலையிலிருந்து வளர்த்தோம்" என்று விடை கூற இயல்வதே ஆசிரியருக்கும் பணியாளருக்கும் பெருமை.